துண்டுக்குள் விலை, பெட்டிக்குள் ஓட்டு

16 ஏப்ரல் 2023, ஞாயிறு. ஆலங்குளம் வாசகர் ஒருவரின் கேள்வி

"அண்ணாச்சி, மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதை நிறுத்த வேண்டும், எல்லாம் நாலு பேர் காதில் விழும்படி நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதே நீங்கள், உங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக் கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுக்கக் கூடாது, சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்கிறீர்கள். விலையை மறைத்தால் தப்பு, ஓட்டை மறைத்தால் சரியா? இரண்டில் ஒன்றில் நில்லுங்கள்."

16 ஏப்ரல், இரவு

ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சந்தையில் மறைத்தால் வாங்குகிறவனுக்கு நஷ்டம், ஓட்டில் மறைத்தால் போடுகிறவனுக்குப் பாதுகாப்பு. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் அது பதிலாக இல்லை. தம்பி கேட்டதையே திருப்பிச் சொன்ன மாதிரி இருக்கிறது. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1980களில் நான் ஒரு வங்கியின் கிராமக் கிளையில் களப்பணி பார்த்தவன். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்தது. மானியத்தோடு கறவை மாட்டுக் கடன். பயனாளி, கால்நடை டாக்டர், ஒன்றிய அலுவலகத்து ஆள், நான், நாலு பேரும் சேர்ந்து சந்தைக்குப் போய் மாடு பிடிக்க வேண்டும்.

மாட்டைப் பற்றி முழுக்கத் தெரிந்தவன் விற்கிறவன் ஒருவன்தான். நாலு ஈத்துப் போட்ட மாட்டை இரண்டாம் ஈத்து என்பான். ஒவ்வொரு ஈத்துக்கும் கொம்பில் ஒரு வளையம் விழும். அதை அரத்தால் ராவி எண்ணெய் தடவியிருப்பான். முந்தின நாள் சாயந்திரம் பால் கறக்காமலே விட்டிருப்பான்; காலையில் மடி புடைத்துக்கொண்டு நிற்கும். காம்பைத் தொட்டதுமே பால் சொட்டும். பயனாளியின் முகம் மலர்ந்துவிடும். ஐந்து லிட்டர் என்று சொல்லிக் கொடுத்த மாடு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரண்டரை லிட்டரில் நிற்கும். அந்த அம்மாள் கிளைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. திட்டவில்லை. "சார், நீங்களும் பாத்துத்தானே பிடிச்சீக" என்று மட்டும் கேட்டார்.

இதற்கு ஒரு கோட்பாடு இருக்கிறது என்று எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை. பழைய கார் வியாபாரத்தை வைத்துச் சொல்கிறார். நல்லது எது, ஓட்டை எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனம் வராமல் ஒதுங்கிவிடுவான். அவன் ஒதுங்கியதும் மிச்சம் இருப்பவற்றின் தரம் இன்னும் இறங்கும், விலையும் இறங்கும். கடைசியில் சந்தையில் நிற்பதெல்லாம் கழிசடைதான். மூன்று ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது.

அகர்லாஃப் 1967-68இல் டெல்லியில் இருந்தவர். அந்தக் கட்டுரைக்குள் நம் வீட்டு அரிசி இருக்கிறது: அரிசியோடு அதே நிறத்தில், அதே வடிவில் கல்லைக் கலந்து விற்கிறார்கள், இந்தியப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எங்கள் அம்மா சுளகில் புடைத்துக் கல் பொறுக்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த இடத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

17 ஏப்ரல்

நேற்று பாதியைத்தான் சொன்னேன். விற்கிறவனுக்கு எல்லாம் தெரியும், வாங்குகிறவனுக்கு எதுவும் தெரியாது என்று எழுதினேன். மாட்டைப் பொறுத்தவரை சரி. பணத்தைப் பொறுத்தவரை நேர் தலைகீழ்.

கடன் தொகை எவ்வளவு, மானியம் எவ்வளவு என்பது சந்தைக்கே தெரியும். நாங்கள் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் தரகர்கள் வாயில் அந்தத் தொகை இருக்கும். அன்றைக்கு எந்த மாட்டைக் கேட்டாலும் அதே விலைதான், கிழ மாட்டுக்கும் அதே விலை. எங்கள் மடியில் இருந்த ரகசியம் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்ததால் ஏமாந்தோம். "எல்லாம் வெளிப்படையாக நடக்க வேண்டும்" என்று நான் எழுதியதற்கு என் சொந்த அனுபவமே எதிர்ச்சாட்சி. தம்பி, உங்கள் கேள்வி நான் நினைத்ததைவிடக் கனமானது.

18 ஏப்ரல், செவ்வாய்

மேலப்பாளையம் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். வைகாசிக் கொடைக்கு ஒரு கிடா வேண்டும், இப்போதே பிடித்து வீட்டில் கட்டிவிடுவோம் என்று போனேன். விடியுமுன்னே மினி வேன்களிலிருந்து ஆடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பிடித்தது ஒரு பால்கன்னிக் கிடா. கருத்த உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன், சதை இருந்தது. பல் பார்த்தேன், இரண்டு பல்.

விற்கிறவர் கோவில்பட்டிப் பக்கத்து மனிதர். தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டார். உள்ளே என் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு அழுத்து, இன்னொரு அழுத்து, அப்புறம் மூன்று விரலை மட்டும் பிடித்தார். பதின்மூன்று. "ஆயிரம்" என்பதை மட்டும் வாயால் சொன்னார். அவர் கை சொரசொரப்பாக இருந்தது, வியர்வையே இல்லை. என் கைதான் ஈரமாக இருந்தது. நான் பதினொன்று பிடித்தேன். அவர் தலையை அசைத்தார். துண்டுக்குள் நாலு தடவை போய் வந்து பன்னிரண்டில் முடிந்தது.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஏன் இந்தத் துண்டு என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நீங்க பதினொண்ணு கேட்டது பக்கத்துல நிக்கவனுக்குத் தெரிஞ்சா, அவன் பதினொண்ணேகாலுக்கு மேல வாயத் தொறப்பானா? மனசுல பதினாலு வச்சிருந்தாலும் தொறக்க மாட்டான்."

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்கிற உளவியல் அறிஞர்கள் 1974இல் எழுதியது இதேதான். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள், அது 10இலோ 65இலோ போய் நிற்கும். அப்புறம், ஐ.நா. சபை உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்பார்கள். 10ஐப் பார்த்தவர்கள் நடுவாக 25 என்றார்கள், 65ஐப் பார்த்தவர்கள் 45 என்றார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. முதலில் காதில் விழுந்த எண் நம்மைப் பிடித்து இழுத்துவிடுகிறது.

ஆக, துண்டு விவசாயியை ஏமாற்றத்தான் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தக் கோவில்பட்டிக்காரருக்கு அது கேடயம்.

20 ஏப்ரல்

கிடாவின் வயிறு இறங்கிவிட்டது. சந்தையில் மத்தளம் மாதிரி இருந்தது, இரண்டு நாளில் பக்கவாட்டில் குழி விழுந்துவிட்டது. உப்புத் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாள் என்னிடம் கேட்டதை இன்றைக்கு என் வீட்டுக்காரி கேட்டுவிட்டாள்.

விலையை மறைத்த துண்டால் எனக்கு நஷ்டம் இல்லை. ஆட்டின் வயிற்றுக்குள் மறைத்ததால்தான் நஷ்டம். இரண்டையும் இதுவரை ஒரே கட்டாகக் கட்டிவைத்திருந்தேன்.

21 ஏப்ரல்

தரகரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அப்பா ஒரு ஜோடி உழவு மாட்டை விற்றார். அவர் மனதில் இருந்த விலை சந்தை விலையைவிட அதிகம், ஏனென்றால் அவை அவர் வளர்த்த மாடுகள். (1990இல் கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் காப்பிக் கோப்பையை வைத்துச் சோதித்தார்கள். கையில் கோப்பை கொடுக்கப்பட்டவர்கள், வாங்குகிறவர்கள் தரத் தயாரானதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். கையில் வாங்கிக் கொஞ்ச நேரமே ஆன கோப்பைக்கே அப்படி என்றால், கன்றிலிருந்து வளர்த்த மாட்டுக்கு எவ்வளவு!) தரகர் அப்பாவிடம் துண்டு போட்டுப் பேசினார், அந்தப் பக்கம் போய் வாங்குகிறவரிடம் துண்டு போட்டுப் பேசினார். விலை படிந்தது. ஒரு மாதம் கழித்து டீக்கடையில் வாங்கினவரைப் பார்த்தபோது அவர் கொடுத்ததும் அப்பா வாங்கினதும் வேறு வேறு தொகை என்று தெரிந்தது. 300 ரூபாய் நடுவிலேயே நின்றுவிட்டது. அப்போது அது பெரிய பணம். தரகுக்கூலியை அப்பா தனியாக வேறு கொடுத்திருந்தார்.

அன்றைக்குத் துண்டு ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்குள்ளும் இருந்த ஒரே கை தரகருடையது.

22 ஏப்ரல்

உவரிக்காரர் ஒருவர் கடலில் என்ன கதை என்று கேட்கிறார். அங்கே தகவல் திறந்ததால் எல்லாருக்கும் நல்லது நடந்ததற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, பக்கத்துக் கேரளத்தில். ராபர்ட் ஜென்சன் என்கிற பொருளாதார அறிஞர் 2007இல் எழுதினார். 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதுவரை ஒரு கரையில் மத்தி விற்காமல் கடலில் கொட்டுவார்கள், கொஞ்ச தூரத்தில் இன்னொரு கரையில் மீன் இல்லாமல் ஆள் நிற்பார்கள். போன் வந்த பிறகு படகிலிருந்தே கேட்டுக்கொண்டு விலை கிடைக்கிற கரைக்குப் போனார்கள். கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அங்கே வெளியே வந்தது கரையின் நிலவரம். எவர் மனதிலும் இருந்த கடைசி விலை இல்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

23 ஏப்ரல், ஞாயிறு, இரவு

இன்றைக்கு ஊர்க்கூட்டம். எங்கள் ஊரில் 61 தலைக்கட்டு, அதாவது கோயிலுக்கு வரி கொடுக்கிற 61 வீடு. வரி நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, அதனால் எந்த வீட்டில் என்ன நினைப்பு என்பது வரி பிரிக்கப் போகும்போதே தெரிந்துவிடும். முதல் நாள் வில்லுப்பாட்டு, அதில் மாற்றமில்லை. போன வருஷ மிச்சப் பணத்தை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. மூன்று யோசனை: இரண்டாம் நாள் மெல்லிசைக் கச்சேரி, கோயில் முன்மண்டபத்துக்குத் தகரக் கூரை, ஊர்ப் பொதுவுக்குச் சமையல் பாத்திரம்.

ஊர்த்தலைவர் எழுந்து, "மொதல்ல கூரையா பாத்திரமா சொல்லுங்க, அப்புறம் கச்சேரிக்கு வருவோம்" என்றார். யாருக்கும் ஆட்சேபனை இல்லை, எனக்கும் இல்லை. கை தூக்கினார்கள். கூரை ஜெயித்தது. அப்புறம் கூரையா கச்சேரியா. கச்சேரி ஜெயித்தது. பத்து நிமிஷத்தில் முடிந்து டீ வந்துவிட்டது.

கை தூக்கும்போது நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் வட்டிக்குக் கொடுக்கிறவர் முன்வரிசையில் இருந்தார். அவரிடம் நோட்டு எழுதிக் கொடுத்தவர்கள் ஆறேழு பேர், முதலில் அவர் தோளைப் பார்த்தார்கள், அவர் தோள் அசைந்த பிறகுதான் இவர்கள் கை எழுந்தது. சீட்டு எழுதிப் போடவேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான்.

24 ஏப்ரல்

ராத்திரி தூக்கம் வரவில்லை. வரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கணக்குப் போட்டேன். எல்லாரும் மனதில் இருந்தபடியே, யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

இளவட்டங்கள் பேச்சு எடுபடுகிற வீடு 19. அவர்களுக்கு முதலில் கச்சேரி, அடுத்து கூரை (சாயந்திரம் கேரம் ஆட நிழல்), கடைசியில் பாத்திரம். பெரியவர்கள் முடிவு சொல்கிற வீடு 20. கூரை, பாத்திரம், கச்சேரி. கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிற வீடு 22. பாத்திரம் முதலில், வாடகைப் பாத்திரத்துக்குக் கொடுத்து மாளவில்லை. அடுத்து கச்சேரி, ஏனென்றால் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற பிள்ளைகள் கச்சேரி இருந்தால்தான் இரண்டாம் நாளும் தங்கும். கூரை கடைசி.

இப்போது இரண்டிரண்டாக வைத்துப் பாருங்கள். கூரைக்கும் பாத்திரத்துக்கும் போட்டி என்றால் கூரை, 39க்கு 22. கச்சேரிக்கும் கூரைக்கும் என்றால் கச்சேரி, 41க்கு 20. சரி, கச்சேரிதான் ஊர் விருப்பம் என்று எழுந்து போகலாமா? பாத்திரத்துக்கும் கச்சேரிக்கும் போட்டி வைத்தால் பாத்திரம் ஜெயிக்கிறது, 42க்கு 19! அந்தப் போட்டியை மட்டும் தலைவர் வைக்கவே இல்லை. செக்குமாடு மாதிரி சுற்றுகிறது, எதை ஜெயித்தது என்று சொன்னாலும் அதைத் தோற்கடிக்க இன்னொன்று இருக்கிறது. கொண்டோர்சே என்கிற பிரெஞ்சுக்காரர் 1785இலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். 238 வருஷம் கழித்து எங்கள் கோயில் வாசலில் நான் பார்க்கிறேன்.

எல்லாரும் ஒரே தடவை தனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லி, அதிகம் யாருக்கோ அவருக்கே என்று நம் சட்டசபைத் தேர்தல் முறையில் எண்ணினால் பாத்திரம் (22). முதல் இரண்டு இடத்தை மட்டும் வைத்து மறுசுற்று நடத்தினால் கூரை. தலைவர் கேட்ட வரிசையில் கேட்டால் கச்சேரி. அதே 61 வீடு, அதே மனசு. கேட்கிற விதம் மாறினால் பதில் மாறுகிறது. முதல் விருப்பமாக மிகக் குறைந்த வீடுகள் சொன்ன கச்சேரிதான் கடைசியில் ஜெயித்திருக்கிறது.

தலைவர் சூது செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் இது தெரிந்திருக்காது. ஆனால் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று. சீட்டு எழுதிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாதக்கணக்காகச் சொல்லி வந்தேன். நேற்று இதே வரிசையில் சீட்டுப் போட்டிருந்தாலும் கச்சேரிதான் வந்திருக்கும். சீட்டு வட்டிக்காரர் தோளிலிருந்து காப்பாற்றும், கேள்வியின் வரிசையிலிருந்து காப்பாற்றாது.

25 ஏப்ரல்

போர்டா முறையில் புள்ளி போட்டால் தீர்ந்துவிடுமே என்று ஒருவர். முதல் இடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 1. போட்டேன்: பாத்திரம் 64, கச்சேரி 60, கூரை 59. பாத்திரம். ஆனால் பிடிக்காததை வேண்டுமென்றே கடைசியில் தள்ளி எழுதினால் இதுவும் சாயும். கூரை வேண்டும் என்கிற 20 வீடும் பேசி வைத்துக்கொண்டு பாத்திரத்தை மூன்றாம் இடத்தில் எழுதட்டும், கச்சேரி 80க்கு ஏறிவிடும். அவர்களுக்கே அது ஆகாது, ஆனாலும் கணக்குத் தெரியாமல் செய்வார்கள். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951இல் நிரூபித்தது இதற்குப் பக்கத்தில் வருகிற விஷயம்: மூன்றோ அதற்கு மேலோ யோசனைகள் இருந்தால், நியாயம் என்று நாம் கேட்கிற சில சாதாரண நிபந்தனைகள் எல்லாவற்றையும் சேர்த்து நிறைவேற்றுகிற தரவரிசை முறை கிடையாது. 1972இல் அவருக்கு நோபல். நல்ல முறையைத் தேடுவதை விட்டுவிட வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்ளவில்லை. எந்த முறை என்பதை, யோசனைகள் என்னென்ன என்று தெரிவதற்கு முன்பே ஊர் முடிவு செய்துவிட வேண்டும்.

26 ஏப்ரல்

திருத்தம். குடவோலையை ஓட்டு முறை என்று முன்பு ஒரு தடவை எழுதிவிட்டேன். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921, முதலாம் பராந்தகன் காலம்) சொல்வது குலுக்கல். 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ், வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு என்று தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்வார்கள். முந்தின காலத்தில் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் உறவினர் பெயரும் குடத்துக்கே வராது. யார் வருவார் என்றே தெரியாதபோது யாருக்கு முன்கூட்டிப் பணம் கொடுப்பது?

27 ஏப்ரல்

உத்திரமேரூரையே சொல்கிறோமே, நம்ம மானூரை ஏன் விட வேண்டும்? நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் இருக்கிறது. அம்பலவாண சுவாமி கோயில் கல்வெட்டு, பாண்டியன் மாறன் சடையன் காலத்தது, சுமார் கி.பி. 800. உத்திரமேரூருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், என்ன படித்திருக்க வேண்டும், எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. நிலமும் சாத்திரப் படிப்பும் உள்ள சிலருக்கு மட்டுமான சபை அது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதில் ஒரு விதி என்னை விடவே இல்லை: எதைச் சொன்னாலும் "அன்று, அன்று" என்று மறுத்துக்கொண்டே இருந்து காரியத்தைத் தடுப்பவருக்கு, ஒவ்வொன்றுக்கும் 5 காசு அபராதம்.

காலையில் இதை எழுதியபோது சரியான விதி என்று தோன்றியது. எங்கள் கூட்டத்திலும் அப்படி இரண்டு பேர் உண்டு. சாயந்திரம் வயலுக்குப் போய்வந்தபோது நினைப்பு மாறிவிட்டது. மறுத்தால் காசு கட்ட வேண்டும் என்றால், அந்த வட்டிக்காரர் தோளைப் பார்த்துக் கை தூக்கியவர்கள் வாயை இன்னும் இறுக்கித்தான் மூடுவார்கள். ஒருவனுக்குத் தெரிந்த கோளாறு சபைக்கு வராமலே போய்விடும். ஆனால் விதியைக் கல்லில் வெட்டி எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தார்களே, அதைக் கும்பிடுகிறேன்.

30 ஏப்ரல்

பொதுத் தேர்தல் பற்றிக் கேட்டு மூன்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாக.

ஒரு ஓட்டால் என்ன ஆகும் என்பவர்களுக்கு: 2016இல் நம் ராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் 49 ஓட்டு. தபால் ஓட்டைச் சேர்த்ததா தள்ளியதா என்று வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது.

ரகசிய ஓட்டு இருந்தும் பணம் ஏன் கொடுக்கிறார்கள் என்பவர்களுக்கு: 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களைத் தள்ளிவைத்ததும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்ததும் பணத்தால்தான். யாருக்குப் போட்டாய் என்று பார்க்க முடியாது என்பது கொடுப்பவருக்கும் தெரியும். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி சொன்னார்: "கை நீட்டி வாங்கிட்டோமே ராசா, மனசு கேக்க மாட்டேங்கு." சூடத்தை ஏற்றிச் சத்தியம் வாங்கியிருந்தார்கள். பெட்டி மறைத்தாலும் ஆச்சியின் மனம் மறைக்கவில்லை. மனிதன் லாபநஷ்டம் பார்த்து நடக்கிறவன் என்கிற பழைய பொருளாதாரத்தில் அந்த ஆச்சிக்கு இடமே கிடையாது. ஆச்சியின் நேர்மையையே விலைக்கு வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: தனி ஆள் ஓட்டு ரகசியம், ஊர் ஓட்டு ரகசியமே இல்லை. சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு சாவடிவாரியாக எண்ணிக்கை வந்துவிடுகிறது. எந்த ஊர் யாருக்கு எத்தனை போட்டது என்று ஜெயித்தவர் கையில் பட்டியல் இருக்கிறது, ரோடு போடும்போது அது நினைவுக்கு வரும். பல இயந்திரங்களின் ஓட்டைக் கூட்டி மொத்தமாக மட்டும் காட்டுகிற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்வைத்தது, சட்ட ஆணையம் 2015இல் ஆதரித்தது. நடைமுறைக்கு வரவில்லை.

2 மே, செவ்வாய்

தம்பி, உங்கள் கேள்விக்கு இப்போது நேராகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மூன்றைப் பிரித்துக்கொள்கிறேன். பொருள், அதன் சொந்தக்காரன் மனசு, அவனுக்காக நடுவில் நிற்கிற ஆள்.

பொருள் திறந்திருக்க வேண்டும். ஆட்டின் வயிறு, மாட்டின் ஈத்து, அரிசியில் கல். பால் சங்கத்தில் கொழுப்பு பார்த்துக் காசு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் தண்ணீர் ஊற்றாதவனுக்கு மரியாதை கிடைத்தது. தேர்தலில் வேட்பாளர்தான் பொருள். வழக்கு, சொத்து, படிப்பு மூன்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002, 2003 தீர்ப்புகளில் சொன்னது அந்த வகை.

சொந்தக்காரன் மனசு மூடியிருக்கலாம். கோவில்பட்டிக்காரரின் கடைசி விலை, ஆச்சியின் ஓட்டு. அதைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவனோ வட்டிக்காரரோ அதைப் பிடித்து இழுப்பார்கள். உவரிக்காரருக்குச் சொன்னேனே, கேரளத்தில் திறந்தது கரை நிலவரம், மீனவன் மனசு இல்லை. அன்றைக்கு எங்கள் கடன் தொகை சந்தைக்குத் தெரிந்ததும் இந்த இடத்தில் வருகிற தப்புதான்.

நடுவில் நிற்கிற ஆள் திறந்திருக்க வேண்டும். அப்பாவின் மாட்டுத் தரகர். சட்டசபையில் நம் பேரில் உட்கார்ந்திருப்பவர். மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ. தன் ஓட்டைக் கட்சி ஏஜென்டிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும் என்று 2003இல் சட்டம் வந்தது, 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. (காட்டுவது கட்சிக்கு, நமக்கு இல்லை. அதனால் இது அரைத் திறப்புதான். அனுப்பியவர்கள் நாம்.)

எங்கள் ஊர்த்தலைவரும் நடுவில் நிற்கிற ஆள்தான். கேள்வியை எந்த வரிசையில் கேட்கப்போகிறார் என்பது அவர் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. துண்டை எடுக்க வேண்டாம், தரகர் கை இரண்டு துண்டுக்குள்ளும் போகாமல் இருந்தால் போதும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரமும் ஒரு கிடாவும் ஆகியிருக்கிறது.

7 மே, ஞாயிறு

இன்றைக்கு மறுபடி கூட்டம். வரி நோட்டுக் கணக்கை யார் வீடு என்று சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் படித்துக் காட்டினேன். பாத்திரம் கச்சேரியை 42க்கு 19 என்று ஜெயிக்கும் என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவர், "கச்சேரிக்காரனுக்குப் பதினஞ்சாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாச்சு அண்ணாச்சி, அது போயிருமே" என்றார். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாத்திரம் வேண்டும் என்ற வீடுகளும்கூட. மிச்சப் பணம் எவ்வளவு, அதில் எது உபயோகம் என்று பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. கையை விட்டுப் போகிற பதினைந்தாயிரம், கைக்கு வருகிற அண்டாவைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதை எழுதியிருக்கிறார்கள். எனக்குப் படிப்பாகத் தெரியும், ஆனாலும் அந்த இடத்தில் பதில் சொல்ல வரவில்லை. கச்சேரி நடக்கும்.

அடுத்த வருஷத்துக்கு மூன்று விதியை ஒத்துக்கொண்டார்கள். எழுதி வைத்தால்தான் நிற்கும் என்று மானூர்க் கதையைச் சொன்னேன். கோயில் மதிலின் உள்பக்கம் பெயிண்டால் எழுத 1,200 ரூபாய் கேட்கிறார் எழுதுகிறவர். அதை நான் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை வருகிறார். வாசகம் இப்படி வைத்திருக்கிறேன்:

"யோசனைகள் அனைத்தும் ஒரே சீட்டில். 1, 2, 3 என்று இட்டுப் பெட்டியில் போடவும். எண்ணும் முறை சித்திரை முதல் நாளே ஒட்டப்படும். வரவு செலவு சன்னிதி முன் வாய்விட்டு வாசிக்கப்படும்."

படிக்கத் தெரியாத ஆறு தலைக்கட்டு இருக்கிறது. அவர்களுக்குப் படம் போட வேண்டும் என்று கூட்டம் முடிந்து வரும்போது ஆச்சி சொன்னார். கூரைக்கு என்ன படம், பாத்திரத்துக்கு என்ன படம் என்பது எளிது. 1, 2, 3 என்று வரிசை போடுவதை எழுத்தறியாதவர் யார் உதவியும் இல்லாமல் செய்ய வேண்டுமே, இல்லாவிட்டால் எழுதிக் கொடுக்கிறவன் தரகராகிவிடுவான். மூன்று நிறத்தில் சோழியோ புளியமுத்தோ கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.